கடலை மிட்டாயைக் காதால் ருசிப்பது எப்படி?

பண்டிகைக்குக் கொடுக்கப் பலகாரம் வாங்குகிறவர்கள் முந்திரி, பாதாம் என்று விலையை வைத்தே மதிப்புப் போடுகிறார்கள். நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த வில்லைக்கு அந்த வரிசையில் கடைசி இடம்தான். ஆனால், பருப்பின்மேல் பாகு ஏற்றும் கைவேலையை முழுசாகப் புரிந்துகொள்ள, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒன்றே போதும். குறையை மறைக்க அதில் நெய் கிடையாது, பால் கிடையாது. கடலை, வெல்லம், மணத்துக்குக் கொஞ்சம் ஏலக்காய், சுக்கு. ஆகவே தரத்தைத் தீர்மானிப்பது பாகின் பதம். அதை நாக்குக்கு முன்பே காது சொல்லிவிடும்.

வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கொதிக்கவிடும்போது பாகு கம்பிப் பதத்தையும் உருட்டுப் பதத்தையும் தாண்டிப் போகவேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும். அப்போது சூடு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். பாகில் தண்ணீர் அநேகமாக வற்றியிருக்கும். அதனால்தான் ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகுகிறது. கொஞ்சம் முந்தினால் பல்லில் இழுக்கும், கொஞ்சம் பிந்தினால் கசக்கும். எனவே வில்லையைக் காதருகே வைத்து ஒடியுங்கள். ‘படக்’கென்று முறியவேண்டும், முறிந்த இடத்தில் கடலையும் பாகோடு சேர்ந்தே உடைந்திருக்கவேண்டும். பிறகு, கடிக்காமல் கொஞ்ச நேரம் நாக்கில் வையுங்கள். முதலில் வெல்லம் கரையும். மென்றதும் வறுத்த வாசனை எழும். கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய் அல்லவா? சுக்கின் காரம் கடைசியில் வந்து தொண்டையில் நிற்கும். இஞ்சி காயும்போது அதன் காரப்பொருளில் ஒரு பகுதி இன்னும் உறைப்பான ஒன்றாக மாறுகிறது. அதனால் சுக்கு ஒரு சிட்டிகை போதும்.

தின்பண்டத்துக்குச் சத்தம் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சத்தம் ஈரத்தின் கணக்கு. ஈரம் மிஞ்சிய பாகு பல்லில் ஒட்டி, எல்லாச் சுவையையும் ஒரே பிசினாகக் குழப்பிவிடும். அடுத்தடுத்து வரவேண்டிய மூன்று சுவைகள் பிரிந்து தெரியாது. பல் போனவர்களுக்கு இளக்கமானதுதானே வசதி என்பதும் நியாயம்தான். அவர்களுக்கு மென்பதமாகப் பிடித்த கடலை உருண்டை இருக்கிறது. அது வேறு பண்டம், குறைப்பண்டம் அல்ல. மொறுமொறுப்பாக இருக்கவேண்டியது இழுப்பதுதான் பிழை. காரத்தைக் கூட்டினால் ருசியும் கூடுமே என்பதை மட்டும் ஏற்க முடியாது. தூக்கலான சுக்கு, பழங்கடலையின் சிக்கு வாடையை மூடத்தான் உதவும்.

பரிசாகக் கொடுக்கும்போதும் இதே கணக்குதான். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். தீபாவளியோ மழை மாதத்தில் வருகிறது. அலங்காரக் கூடையைவிட இறுக மூடும் சின்ன டப்பாக்கள் இரண்டு மேல். ஒன்றைத் திறந்து தீர்க்கும்வரை மற்றதில் அந்தச் சத்தம் பத்திரமாக இருக்கும்.