கண்ணீருக்கு 7, அழும் பொம்மைக்கு 2

தமிழ் ட்விட்டரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிஷத்தில் திருக்குறள் வந்துவிடும். ஏழு சீரில் அறத்தையும் பொருளையும் சொன்ன மொழிக்கு 140 எழுத்தெல்லாம் ஒரு தடையா என்று பெருமையாகக் கேட்பார்கள். எனக்கு இந்த ஒப்பீடு ஒட்டுவதே இல்லை. குறளின் அளவைத் தமிழ்க் காது வைத்தது. 140ஐ வைத்தது யார், எதை எண்ணி வைத்தார்கள்?

முதலில் எண்ணிக்கை. 'கண்ணீர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் க, ண், ணீ, ர் என்று நான்கு எழுத்து என்று சொல்லும். கட்டளைக் கலித்துறை எழுதுகிற புலவரைக் கேட்டால் இரண்டு என்பார். அந்தப் பாவில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஆனால் எண்ணும்போது ஒற்றைத் தள்ளிவிட வேண்டும். மெய்யெழுத்துக்குத் தனி மூச்சு கிடையாது, அதனால் கணக்கிலும் கிடையாது. ட்விட்டர் பெட்டியிடம் கேட்டால் ஏழு என்று சொல்லும். யூனிகோடில் 'ண்' என்பது ணகரம் ஒன்று, புள்ளி ஒன்று. 'ணீ' என்பது ணகரம் ஒன்று, அதன் மேலே ஏறும் குறி ஒன்று. மரபு எண்ணாமல் விட்ட ஒற்றுக்குத்தான் இங்கே இரட்டைக் கட்டணம்! உயிரெழுத்து 'அ' வெறும் ஒன்றோடு போய்விடுகிறது.

வேறு மாதிரியும் எண்ணியிருக்க முடியும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கிற டேஸ்-16 என்ற குறியாக்கத்தை 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. அதில் 'ணீ'யும் ஒன்று, 'ண்'ணும் ஒன்று. அது புழக்கத்துக்கு வராமல் போன கதை தனியாக எழுத வேண்டிய கதை, இப்போது வேண்டாம்.

அளவின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. குறுஞ்செய்திக்கு 160 எழுத்து போதும் என்று 1985இல் முடிவு செய்தவர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற ஜெர்மானியத் தொலைத்தொடர்புப் பொறியாளர். பானில் தன் வீட்டுத் தட்டச்சுப் பொறியில் தோன்றிய வாக்கியங்களையெல்லாம் அடித்துப் பார்த்தார். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. அஞ்சலட்டைகளையும் டெலெக்ஸ் செய்திகளையும் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார். 2006இல் வந்த ட்விட்டர், குறுஞ்செய்தி வழியாக ஓட வேண்டியிருந்ததால் பயனர் பெயருக்கு 20ஐ ஒதுக்கிவிட்டு 140 என்று வைத்துக்கொண்டது. அதே குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் 160 சடாரென்று 70 ஆகிவிடும். அந்தக் காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் தெரியவே தெரியாது என்பது ஒரு பக்கம். தெரிந்த போனிலும் ஒரு செய்திக்கு இரண்டு செய்தியின் காசு. பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்ட பெரியவர்கள் யாரும் இந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, இந்த இறுக்கத்துக்குள் வந்த தமிழர்கள் என்ன செய்தார்கள்? முதலில் வினைமுற்றில் கை வைத்தார்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' 21. 'வந்துட்டிருக்கேன்' 17. 'வரேன்' 5. பேச்சு வழக்கு எழுத்துக்குள் வந்தது ட்விட்டரால் மட்டும் இல்லை. அதற்கு முன்பே வலைப்பூக்களில் அது சகஜமாகியிருந்தது. ஆனால் வலைப்பூவில் அது விருப்பம், எழுதுகிறவரின் தோரணை. இங்கே பெட்டியின் மூலையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்து சிவப்பாகும். எழுத்து வழக்கில் எழுதுகிறவர் தோற்பார். அடுத்ததாக சந்தி போனது. 'தமிழ்ப் புத்தகம்' என்பதில் இருக்கும் அந்த 'ப்' இரண்டு எழுத்துச் செலவு. ஒற்றுப்பிழைக்கு இலக்கணம் தெரியாததுதான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தவர்களும் கடைசி இரண்டு எழுத்துக்காக அதை வெட்டினார்கள் என்பதை அவர்களுடைய வலைப்பூவையும் ட்வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரியும்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த வருஷங்களின் ஒருவரிகளில் பலவற்றை ஆனந்த விகடனின் 'வலைபாயுதே' பக்கத்தில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். முதல் பாதியில் நேராகப் போய், கடைசிச் சொல்லில் காலை வாரிவிடுகிற அந்த வடிவம் தமிழ் உரைநடைக்கு நல்ல பயிற்சி. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த, எந்தப் பத்திரிகை ஆசிரியரையும் தெரியாத நிறையப் பேருக்கு அது முதல் மேடை.

என் வருத்தம் வேறு இடத்தில். வெட்டுப்பட்டவற்றில் சந்தேகமும் ஒன்று.

செய்தித்தாள் தமிழில் 'என்று கூறப்படுகிறது' என்று ஒரு வால் உண்டு. அசிங்கமான வால்தான், ஆனால் அதற்கு ஒரு வேலை இருந்தது: இது நான் பார்த்ததில்லை, யாரோ சொன்னது என்று வாசகருக்குச் சொல்லும். முன்னால் வரும் இடைவெளியையும் சேர்த்து அது 20 எழுத்து, 140இல் ஏழில் ஒரு பங்கு. யார் கொடுப்பார்கள்? தமிழில் இதற்கு மலிவான மாற்றும் இருக்கிறது, அதுதான் '-ஆம்'. 'வந்தார்' 7 என்றால் 'வந்தாராம்' 9. இரண்டே எழுத்தில் பொறுப்பைக் கைமாற்றிவிடலாம். உலகத்தில் எத்தனையோ மொழிகளுக்கு இல்லாத வசதி! வீட்டில் 'அவருக்கு உடம்பு சரியில்லையாம்' என்றால் அதில் கேலி ஏதும் இல்லை, கேள்விப்பட்டது, அவ்வளவுதான். 'பெரிய இவராம்' என்று நக்கலுக்கும் அதே '-ஆம்'தான். எது எது என்று குரல் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டிக்குள் குரல் இல்லை. ஒருவரி நகைச்சுவை கோலோச்சிய இடத்தில் '-ஆம்' முழுக்க நக்கலின் சொத்தாகிவிட்டது. 'இவரு ஊழலை ஒழிக்கப் போறாராம்' என்பதை இன்று யாராவது வெறும் தகவலாகப் படிப்பார்களா? நேர்மையாகக் 'கேள்விப்பட்டேன்' என்று சொல்ல நினைத்தவருக்கு மலிவான உருபு பறிபோனது, விலை உயர்ந்த வால் கட்டுப்படியாகவில்லை. மிஞ்சியது மொட்டை வாக்கியம்.

அதன் விளைவை 2016இல் பார்த்தோம். செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து டிசம்பர் 5 வரை 75 நாள். அந்த நாட்களில் என் டைம்லைனில் ஓடிய ட்வீட்களில் பெரும்பாலானவை நடந்ததைப் பார்த்தவர் எழுதுவது போல முடிந்தன: எழுந்துவிட்டார், பேசினார், இல்லை, முடிந்துவிட்டது. எழுதிய யாரும் மருத்துவமனை வாசலைக்கூடத் தாண்டியதில்லை. வதந்தி பரப்பியதாகக் காவல்துறை சிலரைக் கைதுகூடச் செய்தது. வாட்ஸ்அப்பில் எழுத்துக் கட்டுப்பாடே இல்லையே, வதந்தி அங்கேயும்தானே ஓடியது என்று கேட்பீர்கள். ஓடியது. வதந்திக்குக் காரணம் பெட்டி என்று நான் சொல்ல வரவில்லை. நான் பேசுவது வாக்கியத்தைப் பற்றி. 'எனக்கு நிச்சயமில்லை' என்பதைச் சுருக்கமாகவும் கேலி இல்லாமலும் எழுதுகிற பழக்கம் கையைவிட்டுப் போயிருந்தது. கட்டுப்பாடு இல்லாத இடத்திலும் அது திரும்பி வரவில்லை.

2017 நவம்பரில் 140ஐ 280 ஆக்கினார்கள். ஆங்கில ட்வீட்களில் 9 சதவீதம் எல்லையை முட்டுகின்றன, ஜப்பானியத்தில் 0.4 சதவீதம்தான் என்று காரணம் சொன்னார்கள். அதனால் ஜப்பானியம் போன்றவற்றின் எழுத்துக்கு இரண்டு என்ற எடை, மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்று. தமிழ் 'மற்றவை'க்குள் வந்ததால் நமக்கும் 280 கிடைத்தது. நல்லதுதான். ஆனால் எழுத்து என்றால் எது என்ற கேள்வியை அவர்கள் தொடவில்லை. ஓராண்டு கழித்து, 2018 அக்டோபரில், எமோஜிகளுக்காக அதைத் தொட்டார்கள். ஒரு எமோஜிக்குள் உள்ளே எத்தனை குறியீடு ஒட்டியிருந்தாலும் சரி, தோல் நிறம் மாறினாலும் சரி, நான்கு பேர் கொண்ட குடும்பப் படமே ஆனாலும் சரி, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் ஒரே கணக்கு, எல்லாவற்றுக்கும் 2 என்று சமமாக்கிவிட்டார்கள். ஆக, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றாக எண்ண அவர்களுக்குத் தெரியும். அழுகிற பொம்மைக்கு அந்த நியாயம் கிடைத்தது. 'கண்ணீர்' இன்னும் 7தான்.

இடம் போதாதவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். நீளமாக எழுதி அதைப் படமாக்கி ஏற்றினார்கள். ஆய்வு செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது தலைவலி. நினைவிருக்கும் ஒரு வரியைத் தேடினால் அகப்படாது, காரணம் அது எழுத்தே இல்லை, படம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அந்த இடத்தில் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எழுதினவர் பெயர் கீழே இருந்தால் அதை வெட்டிவிட்டு அடுத்தவர் ஏற்றிக்கொள்வார். அப்துல் கலாம் சொல்லாத எத்தனை பொன்மொழிகள் அவர் படத்தோடு சுற்றுகின்றன, பார்த்திருப்பீர்களே.

இப்போது எக்ஸ் என்ற பெயரில், காசு கட்டினால் ஆயிரக்கணக்கில் எழுதலாம். எழுதுகிறார்களும். ஆனால் செய்தி அட்டைகளைப் பாருங்கள். தொலைக்காட்சிகள் நாள் முழுக்கத் தள்ளுகிற அந்தச் சதுர அட்டைகளில் சந்தேகத்துக்குப் புதிய உருபு வந்திருக்கிறது. 'கூட்டணி உடைகிறது' என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபோது 'கூட்டணி உடைகிறதா?' என்று போடுகிறார்கள். மாலைப் பத்திரிகைகளின் டீக்கடை போஸ்டரில் இருந்த பழைய தந்திரம்தான். எண்ணிப் பார்த்தேன்: எட்டு ஒன்பதாகிறது, ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். '-ஆம்'ஐவிட மலிவு. '-ஆம்' போட்டால் யாரோ ஒருவர் சொன்னார் என்றாவது அர்த்தம் வரும், அந்த ஒருவர் யார் என்று திருப்பிக் கேட்கலாம். கேள்விக்குறி போட்டால் சொன்னவர் என்று யாருமே இல்லை.