குதிரையின் குரலும் உடைமையின் சொல்லும்: டோல்ஸ்டோயின் ‘ஹொல்ஸ்தொமேர்’ பற்றிச் சில சிந்தனைகள்

விலங்குகளைப் பொருளாகக் கொண்ட இலக்கியத்தை முற்போக்கு விமரிசகர்கள் ஓரளவு ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர். அவ்வையத்துக்கு நியாயமும் உண்டு. 1848இல் வெளிவந்த ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’, முதலாளித்துவச் சீர்திருத்தக்காரரை வரிசைப்படுத்துமிடத்து மிருகவதைத் தடுப்புச் சங்கத்தாரையும் அவர்களோடு சேர்த்தே எள்ளி நகையாடுகின்றது. அன்றைய இங்கிலாந்தை மனங்கொண்டு நோக்கினால் அந்நகையின் பொருள் விளங்கும். 1822ஆம் ஆண்டின் கால்நடைச் சட்டமும், 1824இல் இலண்டனிலே தோன்றிய சங்கமும் தெருவிலே குதிரையை அடித்த வண்டிக்காரனை நீதிமன்றத்துக்கு இழுத்தன. குதிரைமீதேறி நரிவேட்டையாடிய கனவானை அவை தீண்டவில்லை. அக்கனவானின் பொழுதுபோக்கைத் தடைசெய்யும் சட்டம் இங்கிலாந்திலே 2004ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று.

ஆயின் மார்க்சின் சிந்தனை அந்நகையோடு நின்றுவிட்டதெனக் கொள்வது தவறாகும். 1843இல் யூதர் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரையிலே, பதினாறாம் நூற்றாண்டு ஜேர்மன் உழவர் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான தோமஸ் முன்சரை அவர் உடன்பாட்டுடன் நினைவுகூருகின்றார்: நீரிலுள்ள மீனும் வானத்துப் பறவையும் மண்ணின் பயிரும் உடைமையாக்கப்பட்டமையைப் பொறுக்கவியலாது என்றவர் முன்சர். ‘மூலதன’த்தின் முதல் தொகுதியிலே (1867) இதனினும் கொடியதொரு செய்தி வருகின்றது. இங்கிலாந்தின் கால்வாய்களிலே படகிழுக்கச் சில இடங்களிற் குதிரைகளுக்குப் பதிலாகப் பெண்கள் பயன்படுத்தப்பட்டனர். குதிரையை வளர்க்க என்ன செலவாகும் என்பது கணக்கிலுள்ளது. மிகைத் தொகையினராய்த் தள்ளப்பட்ட பெண்ணின் பிழைப்போ கணக்கிலேயே வராதது. விலங்கை நடத்தும் முறையும் மனிதரை நடத்தும் முறையும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

டோல்ஸ்டோயின் ‘ஹொல்ஸ்தொமேர்’ என்னும் குறுநாவலை இப்பின்னணியிலே வைத்து வாசித்தல் பயனுடைத்து. ரஷ்யாவிலே பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட 1861ஆம் ஆண்டுக்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1863இல் தொடங்கப்பட்ட இக்கதை நெடுங்காலம் கிடப்பிலே கிடந்து, 1880களின் நடுப்பகுதியிலே திருத்தி முடிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே நிலவுடைமையாளரான டோல்ஸ்டோய், நிலவுடைமையையே பாவமெனக் கருதத் தொடங்கிவிட்டார் என்பதை மறத்தலாகாது.

கதை எளியது. கிழடுதட்டிய குதிரையொன்று மந்தையிலே இளங்குதிரைகளின் கடிக்கும் உதைக்கும் ஆளாகின்றது. முதிய பெண்குதிரையொன்று அதனை இன்னாரென அடையாளங் காண்கின்றது. அதன்பின் ஐந்து இரவுகள் அது தன் வரலாற்றைக் கூறுகின்றது. உயர்ந்த குலத்திலே பிறந்தது. நெடிய எட்டு வைத்து ஓடுவதிலே அதற்கு நிகரில்லை. துணியை அளப்பவன் கைவீச்சுப் போன்றது அவ்வோட்டம் என்பதாலேயே ஹொல்ஸ்தொமேர் என்ற பெயர். ஆயின் உடலெங்கும் வெண்திட்டுகள். அத்திட்டுகளால் அது இழிந்ததெனத் தள்ளப்பட்டு ஆண்மையகற்றப்படுகின்றது. நம் கிராமங்களில் இதனை நலமடித்தல் என்பர். எவருடைய நலம் என்பதை அச்சொல் சொல்வதில்லை.

இங்கே சற்றுத் தரித்து நோக்குதல் வேண்டும். குதிரையின் வலிவு, ஓட்டம், குணம் ஆகியவற்றுக்கும் தோலின் நிறத்துக்கும் தொடர்பேதும் இல்லை என்பதைக் கதையின் நிகழ்ச்சிகளே காட்டுகின்றன. பண்ணைக்காரனின் ‘இனம்’ என்னும் கருத்தோ விற்பனைச் சந்தையின் கருத்து. உயிரியலின் உடையை அது உடுத்தி வருகின்றது. டோல்ஸ்டோய் இக்கதையைக் கிடப்பிலே போட்டிருந்த ஆண்டுகளிலேதான் அவ்வுடை மனிதருக்கும் தைக்கப்பட்டது. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கோல்ற்றன், 1869இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, ஓட்டத்திற் சிறந்த குதிரை இனத்தைத் தெரிவினால் உருவாக்குவது போன்று அறிவிற் சிறந்த மனித இனத்தையும் உருவாக்கலாம் என வாதிட்டார். 1883இல் அத்துறைக்கு ஒரு பெயருஞ் சூட்டினார். இனமேம்பாட்டியல் என இன்று நாம் மொழிபெயர்ப்பது அதனையே. 1903இல் ஐக்கிய அமெரிக்காவிலே அமைக்கப்பட்ட கால்நடை, பயிர் வளர்ப்போர் சங்கம் 1906இல் மனித இனமேம்பாட்டுக்கென ஒரு குழுவை நியமித்தது. அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலம் ‘தகுதியற்றோரை’ மலடாக்கும் சட்டத்தை இயற்றியது. 1927இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் வேர்ஜீனியா மாநிலத்தின் அத்தகைய சட்டமொன்றைச் செல்லுபடியாக்கியது. தொழுவத்திலிருந்து மருத்துவமனைக்குச் சென்ற இப்பாதையை டோல்ஸ்டோய் முன்னறிந்தார் எனக் கூறுவது மிகை. ஆயினும் அப்பாதையின் தொடக்கத்திலே நின்ற குதிரையைப் பேசவைத்தவர் அவர்.

நலமடிக்கப்பட்டபின் அக்குதிரை சிந்திக்கத் தொடங்குகின்றது. குட்டியொன்றின் காரணமாக லாயக்காரன் ஒருவன் கசையடி படுகின்றான். அடியைப் பற்றிய பேச்சைக் குதிரை நன்கு புரிந்துகொள்கின்றது. ‘அவருடைய குட்டி’ என்ற சொற்றொடரே அதற்குப் புதிராகின்றது. மனிதர் செயலால் வாழ்வதில்லை, சொல்லால் வாழ்கின்றனர். ‘என்னுடையது’ என்னும் சொல்லை யார் மிகுதியான பொருள்கள்மீது சொல்லலாமோ அவனே பெரியவன் என அது முடிவுசெய்கின்றது. கால்பதித்தறியாத நிலத்தையும் கண்டறியாத மனிதரையும் தம்முடையவர் என்போர் உளர் என அது வியக்கின்றது. கசையடியும் உடைமைச் சொல்லும் ஒரே காட்சியிலே வைக்கப்பட்டுள்ளமை தற்செயலன்று.

இப்பகுதியைத்தான் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் தம் புகழ்பெற்ற கட்டுரையிலே எடுத்தாண்டார். பழகிப்போன பொருளை அந்நியமாக்கிக் காட்டும் உத்திக்கு அவருக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு. குதிரை இறந்த பின்னரும் கதை அதே பார்வையிலே தொடர்வதை அவர் கூர்மையாகவே அவதானித்தார். எமது வகுப்பறைகளிலும் இவ்வுத்தி விதந்து போதிக்கப்படுகின்றது; எதனை அந்நியமாக்குகின்றார் என்ற வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. உடைமையை அல்லாது வேறெதனை எடுத்துக்கொண்டிருப்பினும் அப்பார்வைக்கு இவ்வளவு வெட்டு இருந்திராது. குதிரை இறந்தபின்னும் பார்வை தொடர்வதற்குக் காரணமும் அதுவே: அதன் தோல் இன்னும் எவனோ ஒருவனுடையதாக இருக்கின்றது.

இதற்கு எதிரான தவறொன்றும் நம் பக்கத்திலே உண்டு. குதிரை பண்ணையடிமையின் குறியீடு எனச் சொல்லிவிட்டு மேலே செல்வது நமக்கு எளிது. நானும் மாணவப் பருவத்திலே அவ்வாறே எழுதியவன். அவ்வாசிப்பு கதையை வறியதாக்குகின்றது. குறியீட்டுக்கு வாய்வலி வராது. சேணத்தாலும் கடிவாளத்தாலும் வருந்தும் முதுகும் வாயும், மந்தையின் கேலிக்கு முன் அக்கிழட்டுக் குதிரை காக்கும் கண்ணியமும் உடலோடு ஒட்டிய அனுபவங்கள். மனிதரின் உணர்ச்சிகளுக்கும் விலங்குகளின் உணர்ச்சிகளுக்குமிடையே உள்ள தொடர்ச்சியை டார்வின் 1872இல் தனி நூலாகவே எழுதி நிறுவ முயன்றார். அதற்குப் பிந்திய உயிரியல் அத்தொடர்ச்சியைப் பலவாறு வலுப்படுத்தியுள்ளது. வலி இருவருக்கும் பொது என்பதாலேயே கசை இருவர் முதுகிலும் ஒரே வேலையைச் செய்கின்றது. அதே வேளை, இளங்குதிரைகளின் கொடுமையை மறைக்காத டோல்ஸ்டோய், இயற்கையை அன்பின் சோலையாகச் சித்திரிக்கவுமில்லை. வேறுபாடு ஒன்றுண்டு. கிழக்குதிரை யாரெனத் தெரிந்ததும் மந்தையின் துன்புறுத்தல் ஓய்கின்றது. ஒருகாலத்து உடைமையாளனான சேர்ப்புகோவ்ஸ்கோய் பிரபுவோ, தன்முன் நின்று மெலிந்த குரலிலே கனைக்கும் குதிரையைக் கண்டும் அறியாது, தன்னிடமும் இப்படியொன்று இருந்தது எனக் கூறிக் கடந்துசெல்கின்றான்.

அப்பிரபுவிடம் கழித்த ஆண்டுகளையே குதிரை தன் வாழ்வின் இனிய காலமாக நினைவுகூருகின்றது. அவன் அழகன், செல்வன், எவரையும் நேசியாதவன். அதனாலேயே அவனை நேசித்ததாக அது சொல்கின்றது. ஓடிப்போன காதலியைத் துரத்த அவன் அதனை ஓட்டி அழித்தபின்னரும் அவ்வன்பு குன்றவில்லை. அடிமை மனத்தின் இந்நுட்பத்தைப் பல புரட்சிகர நாவல்களிலுங் காண்பதரிது.

முடிவைப் பற்றி எனக்கு மனக்குறையுண்டு. சொறிபிடித்த குதிரை கொல்லப்படுகின்றது, தோல் உரிக்கப்படுகின்றது, ஓநாய் தன் குட்டிகளுக்கு அதன் இறைச்சியை ஊட்டுகின்றது. பின்னர் இறக்கும் பிரபுவின் உடலோ, தோலும் எலும்பும் எதற்கும் உதவாத நிலையிலே, புதிய சீருடையுடனும் பாதணியுடனும் புதைக்கப்படுகின்றது. இவ்வொப்பீடு வலியது, வாசகரை உலுக்குவது. ஆயினும் பயன்பாட்டினால் உயிரை அளக்கும் இவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது? கதை முழுவதும் எதனைக் குதிரை கேள்விக்குள்ளாக்கியதோ, அவ்வுடைமையாளனின் அளவுகோலே அது. உழைக்க இயலாதவனும் பிள்ளைபெற இயலாதவளும் அதன்முன் என்னாவார் என டோல்ஸ்டோய் கேட்கவில்லை. லெனின் 1908இல் சுட்டிய முரண்பாடுகள், ரஷ்யப் புரட்சியின் கண்ணாடியான அக்கலைஞரின் இக்குறுநாவலிலும் ஊடுருவி நிற்கின்றன. குதிரையின் எஞ்சிய எலும்புகளை ஒரு குடியானவன் பொறுக்கிச் செல்கின்றான். எலும்பு பொறுக்கும் நிலைக்கு அவன் எவ்வாறு வந்தான் என்பது கதையில் இல்லை. அவனுக்குப் பெயரும் இல்லை.