ஏலத்துக்குத் தெரியாத முன்களம்

ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2024 ஒக்டோபரில் டெல்லியில் ஹொக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் ஜிப் யான்சனை 54 இலட்சத்துக்கும், அமித் ரோகிதாஸை 48 இலட்சத்துக்கும், அயர்லாந்துக் கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட்டை 32 இலட்சத்துக்கும் எடுத்தது. அந்த ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடியது 4 கோடி இந்திய ரூபாயாக இருந்தது. அதில் மூன்றிலொரு பங்கு பின்களத்து மூவருக்கே போயிற்று. இலங்கையின் கந்தளாயில் இருந்தபடி அந்த அணியைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடில்லை.

கணக்கில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். யான்சனும் ரோகிதாஸும் பந்தைத் தடுப்பதோடு நிற்பவர்கள் அல்லர். பெனால்டி கோர்னரில், பந்தை மட்டையால் இழுத்து வீசும் ட்ராக் ஃப்ளிக் அடிப்பவர்கள். 2025 பெப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதிப் போட்டியே இதற்குச் சாட்சி. வங்காள டைகர்ஸ் 4-3 என ஹைதராபாத் தூஃபான்ஸை வென்றது. வங்காளத்தின் ஜுக்ராஜ் சிங் மூன்று, ஹைதராபாத்தின் பெய்லாட் இரண்டு, அமன்தீப் லக்ரா ஒன்று. ஏழில் ஆறு கோல்கள் ட்ராக் ஃப்ளிக் வல்லுநர்களின் பெயரில்!

ஆனால் பெனால்டி கோர்னர் தானாகக் கிடைப்பதில்லை. முன்கள வீரர் ஒருவர் எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டுபோய், வட்டத்துக்குள் நுழைந்து, தடுப்பவரின் காலில் அதைப் படவைக்கிறார். நடுவர் கை காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் ஃப்ளிக் அடிப்பவருக்கு வேலை. கோல் அவர் பெயரில் பதிவாகிறது. வட்டத்துக்குள் புகுந்தவரின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஏலம் பட்டியலைப் பார்த்தே விலை பேசுகிறது.

வங்காளம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. முன்கள வீரர் அபிஷேக்குக்கு 72 இலட்சம், சுக்ஜீத் சிங்குக்கு 42 இலட்சம் கொடுத்ததோடு, ஃப்ளிக் அடிக்க ஜுக்ராஜையும் வைத்துக்கொண்டது. இறுதிப் போட்டியின் கடைசிக் கால்பகுதியில் வெற்றிக் கோலைப் போட்டவர் நியூசிலாந்தின் முன்கள வீரர் சாம் லேன். அரையிறுதியில் அதே வங்காளத்தோடு 2-2 என முடித்து ஷூட்-அவுட்டில் தோற்ற டிராகன்ஸ், மூன்றாம் இடத்தையும் சூர்மா அணியிடம் இழந்தது.

ஹொக்கியில் மாற்று வீரர்களை எத்தனை தடவையும் இறக்கலாம். எதிரணி பந்தை வெளியே எடுக்கவிடாமல் முதலில் ஓடி நெருக்குபவர்கள் முன்களத்தினரே. சில நிமிடங்களில் மூச்சு வாங்கிவிடும். ஆகவே மூன்றாவது, நான்காவது முன்கள வீரர் யார் என்பதுதான் அணியின் உண்மையான பலம். இந்த இடத்தில் லீக்கின் ஒரு விதியை மனமாரப் பாராட்டுவேன்: 2024 ஏலத்தில் 24 பேர் கொண்ட அணிக்கு நான்கு இளையோர் கட்டாயமாக இருந்தனர். தமிழ்நாட்டு அரியலூரின் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கிண்ணத்தில் தன் முதல் சர்வதேசப் போட்டியிலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர். சிற்றூர்களில் அப்படி இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இத்தகைய விதி ஒரு வாசல்.

பழைய லீக்கில் 2016 முதல், பெனால்டி கோர்னர் இல்லாமல் ஆட்ட ஓட்டத்தில் போடும் கோலுக்கு இரட்டைப் பெறுமதி இருந்தது. அது கைவிடப்பட்டது எனக்குப் பெரிய குறை. அந்த விதி இருந்திருந்தால் முன்கள வீரரின் விலை தானாக ஏறியிருக்கும்.

நம் இலங்கையில் ஏலம் இல்லை. முப்படை அணிகள் வீரருக்கு வேலையும் சம்பளமும் தருகின்றன. அந்த நிலைத்தன்மை ஏலத்தில் இல்லாத வரம். ஆனால் கந்தளாய்ப் பிள்ளை செயற்கைத் தரையில் விளையாட ஹபரணை, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குப் போகவேண்டும். ட்ராக் ஃப்ளிக்குக்கு அந்தத் தரை வேண்டும். வெட்டி ஓடவும் இடைவெளி பார்க்கவும் பாடசாலை மைதானமே போதும். கிழக்கில் ஆள் தேடுவோர் முன்களத்திலிருந்து தொடங்கட்டும்.