செந்தூல்: எழுத்தும் ஒலியும்

கோலாலம்பூரைச் சேர்ந்த செந்தூலின் பெயர் மலாயில் ஒரு பழமரத்தைக் குறிப்பது. செம்மை என்னும் அடைக்கு இங்கு இடமில்லை. மலாயர் நாவில் அதன் தகரம் ‘பத்து’ என்பதிற்போல வன்மையாக ஒலிக்கும். தமிழர் வாயிலோ ‘பந்து’ என்பதிற்போலக் குழையும். ‘லம்பூர்’ என்பதன் பகரமும் அவ்வாறே. இதனை எழுத்துப் பிழை என்பது பொருந்தாது. ஈப்போவில் உயிரின்பின் பகரம் இரட்டித்து வன்மை காத்தது. மெல்லெழுத்தின்பின் வல்லெழுத்து இரட்டித்தல் தமிழ் மரபன்று.

பழைய ஐரிஷ் மொழியினரும் நூறு என்னும் பொருளுடைய சொல்லின் ஈற்றை இலத்தீன் தகர எழுத்தால் எழுதிக் குழைந்த ஒலியாகவே படித்தனர். இடம் நோக்கி ஒலி மாறுவது எழுத்தின் குறையன்று. ஆகவே, திருத்த வேண்டுவது ‘செந்தூல்’ அன்று. எழுத்தைத் தமிழ் மரபில் நிறுத்தி, மலாய் ஒலியை வாய்மொழியாகப் பயிற்றுவதே ஆசிரியர் கடன்.