ஊத்ரெட் காணாத அரசியல்

கி.பி. 878 ஜனவரியில் இங்கிலாந்து என்றொரு நாடு இல்லை. 865 இல் வந்திறங்கிய டேனியப் பெரும்படை நார்தம்பிரியாவைப் பிடித்து, கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்டைக் கொன்று, மெர்சியாவின் மன்னரை ரோமுக்கு ஓடவைத்திருந்தது. மிச்சமிருந்தது தெற்கே வெசெக்ஸ் ஒன்றுதான். நடுக்குளிரில் டேனியத் தலைவர் குத்ரமின் படை சிப்பனம் என்ற ஊரைத் திடீரெனப் பிடித்ததும், வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரட் ஒரு சிறு கூட்டத்தோடு சாமர்செட் சதுப்புநிலத்தில் போய் ஒளிந்துகொண்டார். ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 937 இல், அவருடைய பேரன் அத்தல்ஸ்டன் புரூனன்பர் போர்க்களத்தில் டப்ளின் வைக்கிங்குகளையும் ஸ்காட்லாந்து மன்னரையும் ஒருசேர முறியடித்தார். முழு இங்கிலாந்துக்கும் அப்போது அவரே அரசர். சதுப்பிலிருந்து இந்த இடத்துக்கு ஒரு குடும்பம் எப்படி வந்து சேர்ந்தது? இந்தக் காலத்தை எடுத்து எழுதும் எந்த நாவலும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது.

பெர்னார்ட் கார்ன்வெல் இந்தக் கேள்விக்கு 13 நாவல்களைச் செலவிட்டார். 2004 இல் ‘தி லாஸ்ட் கிங்டம்’, 2020 இல் ‘வார் லார்ட்’. 2015 இல் பிபிசியில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் பின்னர் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய் ஐந்து பருவங்கள் ஓடியது. 2023 இல் ஒரு திரைப்படமும் வந்தது. தொடரைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடி வருகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது, எப்படி நிலைக்கிறது என்பது பற்றி இந்த நாவல்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே நான் இவற்றை மதிப்பிடுகிறேன்.

கதைசொல்லியின் தேர்வு அருமையானது. நார்தம்பிரியாவின் கடற்கரைக் கோட்டையான பெப்பன்பர்க்கின் தலைவர் மகன் ஊத்ரெட். யார்க் நகரை மீட்கப் போன தந்தை அங்கே மடிய, பத்து வயதுப் பையன் டேனியத் தலைவன் ராக்னரின் கையில் சிக்குகிறான். ராக்னர் அவனைச் சொந்தப் பிள்ளையாக வளர்க்கிறான். மனத்தால் டேனியன், பிறப்பால் சாக்சன், கடைசியில் தான் வெறுக்கும் ஆல்ஃபிரடுக்கு வாள்சத்தியம் செய்து கொடுத்தவன். இப்படி ஒருவன் கதை சொல்லும்போது இரண்டு தரப்பு வீட்டு அடுப்பங்கரையும் தெரிகிறது. படையெடுத்து வந்தவர்களின் சிரிப்பு, தாராளம், பிள்ளைப் பாசம் எல்லாம் முதல் நாவலில் உயிரோடு இருக்கின்றன. வைக்கிங் என்றால் மடாலயத்துக்குத் தீ வைக்கும் கொம்புத் தொப்பிக்காரன் என்ற பழைய சித்திரத்தை அந்தப் பக்கங்கள் துடைத்துவிடுகின்றன.

ஆனால் வரிசையின் மிகப் பெரிய படைப்பு ஊத்ரெட் அல்ல, ஆல்ஃபிரட். அவரை ஊத்ரெட்டின் எரிச்சல் வழியாகவே நாம் பார்க்கிறோம். முதல் பார்வையிலேயே அவர் பணிப்பெண்ணோடு செய்த பாவத்துக்காகப் பாதிரியார் பியோக்காவிடம் அழுதுகொண்டிருக்கிறார். ஒல்லி உடம்பு, தீராத வயிற்று நோய், ஓயாத ஜெபம். இவனா ஒரு நாட்டைக் காப்பான் என்று ஊத்ரெட் ஏளனம் செய்கிறான். அப்புறம் அதே மனிதர் அவனை என்ன செய்கிறார் பாருங்கள். வாளை உருவாமல், மில்ட்ரித் என்ற பெண்ணை அவனுக்கு மணமுடித்து வைக்கிறார். அவளோடு நிலமும் வருகிறது. அந்த நிலத்தின்மேல் திருச்சபைக்குக் கட்ட வேண்டிய பெருங்கடன் இருப்பது தாலி ஏறிய பிறகுதான் மாப்பிள்ளைக்கு உறைக்கிறது. சாக்சன் படையின் மிகச் சிறந்த வாள்வீரன் ஒரே நாளில் கடன்காரனாகி, அரசருக்குச் சேவகம் செய்வதைத் தவிர வேறு வழியில்லாதவனாகிறான். அடுத்த நாவலில் அரசர் முன்னிலையில் வாளை உருவிய குற்றத்துக்காக மண்டியிட்டுத் தவழ்ந்து பலிபீடம் வரை போகவும் வைக்கப்படுகிறான். ஊத்ரெட்டுக்கு இதெல்லாம் அவமானம் மட்டுமே. வாசகருக்கோ, ஒரு அரசு எப்படி ஆட்களைக் கட்டிப்போடுகிறது என்பது அவன் தலைக்கு மேலாகத் தெரிகிறது. கதைசொல்லியின் குருட்டுப் புள்ளியே கதையின் பொருளாகும் இந்த இடங்களில் கார்ன்வெல் முதல் தரமான கலைஞர்.

‘தி பேல் ஹார்ஸ்மன்’ நாவலின் சதுப்புநிலப் பகுதியும் இதே உயரத்தில் இருக்கிறது. சாகக் கிடக்கும் பிள்ளை எட்வர்டைப் பிழைக்கவைக்க, கிறிஸ்துவை அறியாத பிரித்தானியப் பெண் இசூல்ட்டின் மந்திரச் சடங்குக்கு ஆல்ஃபிரட் சம்மதிக்கிறார். அவருடைய பக்தி முழுவதும் அதற்கு எதிராக நிற்கிறது, இருந்தும் தகப்பன் மனம் ஒத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் டேனியர் கையிலிருந்து பாதி நாட்டை மீட்டவர். இந்த முரணை ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் நாவல் நம்மிடம் விட்டுவிடுகிறது.

கார்ன்வெல் வரலாற்றின் இடைவெளியில் நுழையும் விதத்திலும் சில இடங்களில் பாராட்டத்தக்கவர். 902 இல் நடந்த ஹோம் போரில், பின்வாங்கச் சொல்லி எட்வர்ட் ஏழு தூதர்களை அனுப்பியும் கென்ட் படையினர் நகராமல் நின்று டேனியரிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு குறிக்கிறது. ஏன் நின்றார்கள் என்று அது சொல்லவில்லை. ‘டெத் ஆஃப் கிங்ஸ்’ நாவலில் கார்ன்வெல் அதற்கு கென்ட் தலைவரின் துரோகத்தைக் காரணமாக்குகிறார். ஏட்டில் உள்ளதை மறுக்காமல் ஏடு மௌனமாக இருக்கும் இடத்தில் மட்டும் எழுதுகிறார். சரித்திர நாவலாசிரியருக்கு முழு உரிமை உள்ள இடம் அதுதான்.

அதே போரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். டேனியர் பக்கம் நின்று அங்கே செத்த எத்தல்வோல்டு, ஆல்ஃபிரடின் அண்ணன் மகன். 871 இல் அப்பா இறந்தபோது சின்னப் பையனாக இருந்ததால் பட்டம் சித்தப்பாவுக்குப் போனது. ஆல்ஃபிரட் 899 இல் மறைந்ததும் உரிமை கேட்டுக் கிளம்பினார், நார்தம்பிரியாவின் டேனியர்கள் அவரைத் தலைவராக ஏற்றார்கள். அவரோடு டேனிய மன்னர் எயோரிக்கும், மெர்சிய அரச குலத்தவர் என்று கருதப்படும் பிரிட்சிஜே என்ற ஆங்கிலேய இளவலும் செத்தார்கள். அந்தக் களத்தில் இனம் இனத்தோடு மோதவில்லை. பட்டத்துக்கு உரிமையுள்ள இரண்டு பேர், கிடைத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மோதினார்கள். நாவலில் எத்தல்வோல்டு ஒரு குடிகாரக் கோமாளி. சிரிக்கவைக்கிறான், வெறுக்கவைக்கிறான், ஆனால் ஒரு நாள்கூட நம்மை யோசிக்கவைப்பதில்லை. அவருடைய கோரிக்கை நியாயமானதாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை நாவல் விதைத்திருந்தால், ஆல்ஃபிரட் குடும்பத்தின் வெற்றியே வேறு நிறத்தில் தெரிந்திருக்கும்.

என் முக்கியமான வழக்கு இங்கிருந்து தொடங்குகிறது. முதல் நாவலில் எட்மண்ட் சாகும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கடவுள் தன்னைக் காப்பார் என்று மன்னர் சொல்ல, டேனியத் தலைவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க அவரைக் கட்டிவைத்து அம்பெய்கிறார்கள். குரூரமும் நகைச்சுவையும் கலந்த, கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத காட்சி. ஊத்ரெட்டுக்கு இது கிறிஸ்தவத்தின் தோல்வி. ஆனால் 869 இல் எட்மண்ட் செத்து முப்பது ஆண்டுகூட ஆகாத நிலையில், அதே கிழக்கு ஆங்கிலியாவில், டேனியர் ஆட்சியிலேயே ‘புனித எட்மண்ட்’ பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் அடிக்கப்பட்டன. எடிங்டன் போரில் ஆல்ஃபிரடிடம் தோற்று ஞானஸ்நானம் பெற்ற குத்ரம், அவர் சூட்டிய அத்தல்ஸ்டன் என்ற பெயரிலேயே நாணயம் வெளியிட்டார். ஆல்ஃபிரடும் அவரும் செய்த உடன்படிக்கை, கொலையுண்ட ஆங்கிலேயனுக்கும் டேனியனுக்கும் ஒரே உயிர்விலை வைத்தது. வாளால் பிடித்த நாட்டை வைத்துக்கொள்ள டேனியருக்கே ஏடும் காசும் சிலுவையும் தேவைப்பட்டன. இந்தக் காலத்தின் ஆகப் பெரிய திருப்பம் இது. 13 நாவல்களில் கொலையை முழுசாகப் பார்க்கிறோம், அதற்குப் பின் வந்த இந்த மாற்றத்தின் கனத்தை எங்குமே உணர்வதில்லை.

கோட்டை நகரங்களின் கதையும் அப்படித்தான். வெசெக்ஸைச் சுற்றி ஏறத்தாழ 30 அரண் நகரங்கள் எழுந்தன. எந்த நகருக்கு எத்தனை ‘ஹைட்’ நிலம் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இன்றும் கிடைக்கிறது. ஒரு ஹைட் என்பது ஒரு குடும்பம் பிழைக்கும் நிலம். ஹைட்டுக்கு ஓர் ஆள், ஐந்தரை கெஜச் சுவருக்கு நாலு ஆள். வின்செஸ்டருக்கு 2,400 ஹைட் என்றால் 3,300 கெஜச் சுவர் வர வேண்டும். அந்த நகரின் பழைய மதில் ஏறத்தாழ அதே நீளம்தான். வைக்கிங் படையின் பலமே வேகம். பலமில்லாத இடத்தில் திடீரென விழுந்து, கொள்ளையோடு கிளம்பிவிடும். எங்கு திரும்பினாலும் ஆள் நிற்கும் சுவர் இருந்தால் அந்த வேகத்துக்கு வேலையில்லை. ஆல்ஃபிரட் ஜெயித்தது இந்தக் கணக்கில். நாவல்களில் இந்த நகரங்கள் வருகின்றன, ஊத்ரெட்டே அவற்றின் தேவையைச் சொல்கிறான். ஆனால் நிலத்துக்காரனிடம் ஆள் கேட்டுப் போன அதிகாரி எங்கே? அறுவடை நேரத்தில் மகனைச் சுவர்க் காவலுக்கு அனுப்பிய விவசாயி எங்கே? கேடயச் சுவரின் வேர்வையும் மூத்திர நாற்றமும் வரிக்கு வரி இருக்கின்றன. கல்சுவரை நிற்கவைத்த மனிதர்கள் பின்னணியோடு போய்விடுகிறார்கள்.

ஊத்ரெட்டின் சாதனைகளுக்கு இடம் கண்டுபிடிக்க, உண்மையான ஆட்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெவனில் சின்விட் என்ற இடத்தில், பிற்கால மரபு உப்பா என்று பெயர் சொல்லும் டேனியத் தலைவனைத் தோற்கடித்தவர் ஓடா என்ற சாக்சன் பிரபு. நாவலில் உப்பாவைக் கொல்வது ஊத்ரெட், பெயரைத் தட்டிப்போவது ஓடாவின் மகன். பாதிரியார்கள் ஏட்டில் என் பெயரை எழுதவில்லை என்று கிழவனான ஊத்ரெட் பொருமுவது முதலில் புத்திசாலித்தனமான உத்தி. வரலாற்றை யார் எழுதுகிறார்களோ அவர்களுக்கே அதிகாரம் என்ற உண்மை அதில் இருக்கிறது. நாலாவது, ஐந்தாவது முறை அதே பொருமலைக் கேட்கும்போது, அது நாவலாசிரியர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

இந்த அனுமதிக்கு மிக அதிக விலை கொடுத்தவர் ஆல்ஃபிரடின் மகள் எத்தல்ஃப்ளாட். 911 முதல் மெர்சியாவை ஆண்டவர். டாம்வர்த், ஸ்டாஃபோர்ட், வாரிக், ரன்கார்ன் என ஆண்டுக்கு ஆண்டு அரண் கட்டிக்கொண்டே வடக்கே நகர்ந்தவர். 917 இல் டெர்பியைப் பிடித்தபோது, தனக்கு மிகவும் பிரியமான நான்கு தளபதிகளை அந்த நகர வாயிலுக்கு உள்ளேயே இழந்தார். மெர்சிய ஏட்டில் இருக்கும் அந்த ஒற்றைச் செய்தியில் ஒரு நாவல் அடங்கியிருக்கிறது. வெற்றிபெற்ற ஒரு பெண், செத்த நால்வரின் உடல், அடுத்த நாள் பிறப்பிக்க வேண்டிய கட்டளைகள். அதே ஆண்டுகளை எடுத்துக்கொள்ளும் ‘தி ஃபிளேம் பேரர்’ நாவலின் கண் முழுக்க ஊத்ரெட் தன் பிதுரார்ஜிதக் கோட்டையை மீட்பதன்மேல் இருக்கிறது. எத்தல்ஃப்ளாட் வரிசையில் காதலியாக, கூட்டாளியாக, ஊத்ரெட் தூக்கிவிட்ட ஆட்சியாளராக வருகிறார். தனியாக ஒரு முடிவெடுக்கும் மூளையாக அவரைப் பார்க்க நமக்குக் கிடைக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. 918 இல் அவர் இறந்த சில மாதங்களில், அவர் மகள் எல்ஃப்வின்னிடமிருந்து தாய்மாமன் எட்வர்ட் அதிகாரம் முழுவதையும் பறித்து வெசெக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். டேனியரிடம் பட்ட அடியைவிட மெர்சியாவின் சுதந்திரத்துக்கு விழுந்த பெரிய அடி இது, விழுந்தது சொந்தக்காரர் கையால்.

பாதிரியார்கள் பற்றி ஒரு வார்த்தை. கார்ன்வெல் கடும் மதக் கட்டுப்பாடுள்ள ஒரு சிறு கிறிஸ்தவப் பிரிவினரின் வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். பியோக்கா, வில்லிபால்ட், பிர்லிக் போன்ற அன்பான பாதிரியார்களையும் அவர் படைத்திருக்கிறார். மற்றவர்கள் பெரும்பாலும் கோழைகள் அல்லது வெறியர்கள். கணக்கு எழுதியவர்கள், கடிதம் எழுதியவர்கள், சட்டம் தொகுத்தவர்கள் எல்லாம் அந்த வர்க்கம்தான். அவர்களைக் கேலிச்சித்திரமாக்கினால் அரசு இயங்கும் அறையின் கதவே மூடிவிடும்.

ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஃபிரான்ஸ் பெங்ட்சன் 1941 இலும் 1945 இலும் இரண்டு பாகமாக வெளியிட்ட ‘ரோடே ஓர்ம்’ நாவலை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் வைக்கிங் கதைதான், நூறு ஆண்டு பிந்தைய காலம். அதன் நாயகன் ஓர்ம் சண்டையிடுகிறான், அதைவிட அதிகமாகப் பேரம் பேசுகிறான். எல்லைப்புறத்து ஊர்கள் கூடும் சபையில் கொலைவழக்குகளும் பெண்கடத்தல் வழக்குகளும் பேசித் தீர்க்கப்படும் அத்தியாயத்தில், கத்தியை உறையில் வைத்திருப்பதற்கு எவ்வளவு திறமை வேண்டும் என்று தெரிகிறது. கார்ன்வெல்லின் போர்க்காட்சிகளுக்கு அருகில் பெங்ட்சன் வர முடியாது. வாளில்லாத நாட்களை எழுதுவதில் கார்ன்வெல் அவருக்குப் பின்னால் நிற்கிறார்.

வரிசையின் நீளமும் அதற்கு எதிராகவே வேலை செய்கிறது. 866 இல் பத்து வயதான ஊத்ரெட், 937 இல் புரூனன்பர் களத்தில் எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். வயதை மங்கலாக்கி வைத்து ஆசிரியர் சமாளிக்கிறார். அதற்கு முன்பே கதையின் நெஞ்சு நின்றுவிட்டது. ஆல்ஃபிரட் சாகும் ஆறாவது நாவலோடு, ஊத்ரெட்டைப் புரிந்துகொண்டு அவனைவிடப் பெரியவராக நின்ற ஒரே ஆள் போய்விடுகிறார். அதற்குப் பிறகு வரும் எதிரிகள் வாள்களத்தில் சாக வேண்டியவர்கள் மட்டுமே.

என் தீர்ப்பு இது. முதல் ஆறு நாவல்கள் சரித்திரப் புனைவில் நிற்கும் படைப்புகள், ஆல்ஃபிரட் என்ற ஒரு பாத்திரத்துக்காகவே நிற்பவை. பின்னால் வந்த ஏழும் நன்றாக எழுதப்பட்ட சாகசக் கதைகள், அவ்வளவுதான். ‘தி லாஸ்ட் கிங்டம்’ தொடங்கி ‘டெத் ஆஃப் கிங்ஸ்’ வரை வரிசை மாறாமல் படியுங்கள். படித்து முடித்ததும் ஏழாவதை எடுக்காமல், ஆல்ஃபிரடின் அரண்மனையிலிருந்தே ஆசர் என்ற பாதிரியார் 893 இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை எடுங்கள். ஊத்ரெட் வெறுத்த வகையைச் சேர்ந்த அந்த மனிதர் எழுதிவைக்காமல் போயிருந்தால், கார்ன்வெல்லின் ஆல்ஃபிரடுக்கு அந்த நோயும் இல்லை, அந்த உடம்பும் இல்லை.