சப்வூஃபரின் பின்பக்கம்

சப்வூஃபர் வாங்குகிறவர்கள் எத்தனை வாட்ஸ், எத்தனை அங்குலம் என்றுதான் விசாரிக்கிறார்கள். பின்பக்கம் 0, 180 என்று போட்டிருக்கும் சின்ன சுவிட்சை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கோ மொத்தப் பெட்டியிலும் பிடித்தது அதுதான்.

வழக்கமாக 80 ஹெர்ட்ஸ் அருகே சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியைச் சேர்ந்து எழுப்புகின்றன. அந்த அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். சோபாவுக்கு வரும் வழியில் ஒன்று அதில் பாதி தூரம் பின்தங்கினால் போதும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒன்றையொன்று தின்றுவிடும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் மேலேறி வரும்போது நடுவில் ஓரிரு ஸ்வரம் மட்டும் அமுங்கிப்போகும். வால்யூமைக் கூட்டினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. சப்வூஃபரின் தள்ளலை இழுப்பாக, அதாவது அதன் போலாரிட்டியை, மாற்றிப்போடும் அந்தச் சின்ன சுவிட்சுக்கு வேலை இங்கேதான்.

சுவிட்சோடு, அலையைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ஃபேஸ் குமிழும் இருந்தால் ஒரு அழகான குறுக்குவழி உண்டு. 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, சுவிட்சால் போலாரிட்டியை வேண்டுமென்றே மாற்றிப் போட்டு, ஒருவர் குமிழை மெல்லத் திருக வேண்டும். சத்தம் மிகக் குறையும் இடத்தை சோபாவில் இருப்பவர் சொல்ல வேண்டும். உச்சத்தைவிடப் பள்ளம்தான் காதுக்குத் துல்லியமாகப் பிடிபடும். (இப்போது ரிசீவரோடு வரும் மைக்கே இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. இந்தச் சுகம் அதில் ஏது?) பிறகு சுவிட்சைத் திருப்பிப் போட்டால், மூலையில் உறுமிக்கொண்டிருந்த பேஸ் எழுந்துவந்து முன் ஸ்பீக்கர்களோடு சேர்ந்துகொள்ளும்.