இரண்டு வானங்கள்: அஸ்ஸூஃபியின் நூலை நாம் வாசிக்கும் முறை

இஸ்லாமிய அறிவியல் மரபு குறித்து நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளிலும் நிகழ்த்தப்படும் உரைகளிலும் விண்மீன்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அடிக்கடி இடம்பெறுகிறது. அல்டிபரான், ஆல்டேர், வேகா, டெனப், பொமல்ஹாட் என அடுக்கி, இவை யாவும் அரபுப் பெயர்கள் என்று காட்டி, வானத்துக்குப் பெயர் சூட்டியவர்களே முஸ்லிம்கள்தாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். இதற்கு நேர் எதிராக, கிரேக்கரின் அறிவுச் செல்வத்தைச் சில நூற்றாண்டுகள் காத்து ஐரோப்பாவிடம் ஒப்படைத்த காவலர்களே அரபு வானவியலாளர்கள் என்று சொல்லும் கூற்றும் நெடுங்காலமாக நிலவுகிறது. முன்னது பெருமிதம், பின்னது புறக்கணிப்பு. இரண்டையும் மூலநூலைத் திறந்து பாராமலே சொல்லிவிடலாம் என்பதுதான் அவற்றுக்கிடையே உள்ள ஒற்றுமை.

திறந்து பார்க்க வேண்டிய நூல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபியின் ‘ஸுவருல் கவாகிப்’. கி.பி. 903இல் ரய் நகரில் பிறந்து 986இல் மறைந்த இவர், புவைஹி மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் பணியாற்றிய வானவியலாளர். ஏறத்தாழ 964இல் நிறைவுற்ற இந்நூல், தாலமி தமது ‘அல்மஜிஸ்தி’யில் வகுத்த 48 விண்மீன் குழுக்களையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் முதலில் விளக்கவுரை; அடுத்து, அந்த விண்மீன்களைப் பற்றி அரபு மக்களிடையே வழங்கிய பெயர்களும் செய்திகளும்; பின்னர் இரண்டு படங்கள்; இறுதியில் இருப்பிடத்தையும் ஒளியளவையும் தரும் அட்டவணை. இதுவே நூலின் அமைப்பு.

முன்னுரையில் ஆசிரியர் இரு தரப்பினரைக் குறை காண்கிறார். ஒரு தரப்பினர், விண்மீன்களை நேரில் கண்டறியாதவர்கள் வரைந்த வானக் கோளங்களை நம்பி வானவியல் பேசுவோர். மறு தரப்பினர், ‘அன்வா’ எனப்படும் அரபு மரபறிவை ஏடுகளிலிருந்து மட்டும் கற்றோர். அன்வா என்பது 28 சந்திர மனைகளின் உதயத்தையும் மறைவையும் கொண்டு பருவத்தையும் மழையையும் கணிக்கும் பாலைவன அறிவு. அத்துறையில் மிக நிறைவான நூலைத் தந்தவர் அபூ ஹனீஃபா அத்தீனவரீ என்று மதிக்கும் அஸ்ஸூஃபி, ஏட்டறிவும் கண்ணறிவும் ஒன்றல்ல என்ற அளவுகோலை அவரிடமும் தளர்த்துவதில்லை. கிரேக்கரின் அறிவு அயலாருடையது என்பதால் தள்ளப்படவில்லை. அரபியரின் அறிவு நம்மவருடையது என்பதால் சோதனையின்றி ஏற்கப்படவும் இல்லை.

இரண்டு மரபுகளும் வானத்தின்கீழ் மனிதனை வெவ்வேறு இடங்களில் நிறுத்தியவை. தாலமியின் வானம் ஒரு கோளம். அதனைச் செம்பிலோ மரத்திலோ செய்து மேசைமீது வைக்கும்போது, பார்ப்பவன் வானத்துக்கு வெளியே நிற்கிறான். பாலைவன அரபியோ வானத்துக்கு அடியில், ஒட்டகத்தோடும் தாகத்தோடும் நிற்பவன். கிரேக்கர் பெருங்கரடியைக் கண்ட இடத்தில் அவன் ‘பனாத்து நஃஷ்’ எனும் சாவு ஊர்வலத்தைக் கண்டான்: நான்கு விண்மீன்கள் பிணத்தைச் சுமக்கும் கட்டில், பின்தொடரும் மூன்றும் துயருறும் மகளிர். நாம் கார்த்திகை என்றழைக்கும் ‘ஸுரையா’வை இரு கைகளை விரித்த பெண்ணாகக் கண்டான். ஒரு கை மருதாணி இட்டது. அது கேஸியோப்பியா வரை நீள்கிறது. மற்றது துண்டிக்கப்பட்ட கை. இவ்வுருவம் தாலமியின் எல்லைக்கோடுகள் பலவற்றைத் தாண்டிச் செல்வது.

இவ்விரண்டையும் அஸ்ஸூஃபி ஒன்றாகக் கலக்கவில்லை. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்கவுமில்லை. அரபுப் பெயர் ஒவ்வொன்றும் தாலமியின் வரிசையில் எந்த விண்மீனைக் குறிக்கிறது என்று அடையாளம் காட்டுகிறார். இரண்டு படங்களின் நோக்கமும் இத்தகையதே. ஒன்று கோளத்தில் தெரியும் உருவம். மற்றது வானத்தில் தெரியும் உருவம். வெளியிலிருந்து காணும்போது வலமாக இருப்பது கீழிருந்து காணும்போது இடமாகிவிடும். கோளத்தைப் பார்த்துப் பழகியவன் வானத்தை அண்ணாந்து பார்க்கையில் தடுமாறாதிருக்கவே இந்த ஏற்பாடு. சங்கிலியிட்ட பெண்ணாகிய ஆண்ட்ரோமீடாவின் பகுதியில், அரபியர் அதே இடத்தில் கண்ட மீனுருவை அப்பெண்ணின்மீதே வரைந்த படங்களும் நூலின் கையெழுத்துப் பிரதிகளில் உள்ளன. ஒரே தாளில் இரண்டு வானங்கள்.

இனி, நம் பெருமிதப் பட்டியலுக்குத் திரும்புவோம். அல்டிபரான் என்பது ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது. ஸுரையாவைத் தொடர்வதால் அரபியர் தாமே இட்ட பெயர். நமது மரபிலும் கார்த்திகையை அடுத்து வரும் உரோகிணி இதுவே. ஆல்டேரும் வேகாவும் பறக்கும் கழுகு, இறங்கும் கழுகு என்னும் பழைய அரபு வழக்குகள். ஆனால் டெனப், பொமல்ஹாட் ஆகியவை அத்தகையன அல்ல. பறவையின் ‘வால்’, மீனின் ‘வாய்’ என்று தாலமி இடம் சுட்டியதை மொழிபெயர்த்ததால் வந்த சொற்கள் அவை. இவ்விருவகைப் பெயர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டும்போது, பாலைவன மக்களின் சொந்தக் காட்சியையும், பாக்தாத் மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பையும் ஒருங்கே மறைத்துவிடுகிறோம்.

ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தை அஸ்ஸூஃபி ‘கண்டுபிடித்தார்’ என்ற கூற்றும் இவ்வாறானதே. நமக்குக் கிடைப்பனவற்றுள் அதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துப் பதிவு இந்நூலில்தான் உள்ளது, அது பெருமைக்குரியது. ஆயினும் அவர் அதை ஒரு புகைத்திட்டாக, அரபியரின் மீனுருவை விவரிக்கும்போதே குறிப்பிடுகிறார். தம் கண்டுபிடிப்பாக உரிமை கோரவில்லை. அது நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி மண்டலம் என்பது 1920களில் ஹபிளின் ஆய்வுகளால்தான் உறுதியானது. அவர் கோராத உரிமையை அவருக்குச் சூட்டுவது மரியாதை ஆகாது.

நூலின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒளியளவுகளை அஸ்ஸூஃபி தம் கண்களால் புதிதாக மதிப்பிட்டார். இருப்பிடங்களை அவ்வாறு அளக்கவில்லை. நீண்ட காலத்தில் விண்மீன்கள் மெல்ல இடம்பெயர்வதாகத் தோன்றும் அயன சலனத்துக்காகத் தாலமியின் நெட்டாங்குகளோடு 12 பாகை 42 கலையைச் சீராகக் கூட்டினார், அவ்வளவே. இதனால் தாலமியின் பிழைகளும் உடன் வந்தன. விளக்கவுரையில் இன்ன விண்மீன் சொல்லப்பட்ட இடத்தில் இல்லை என்று எழுதும் அதே ஆசிரியர், அட்டவணையில் பழைய எண்ணையே நிறுத்துகிறார். உரையில் இஜ்திஹாத், அட்டவணையில் தக்லீத். ஆயினும் முரண்பாட்டை அவர் ஒளிக்கவில்லை. வாசிப்பவன் இரண்டையும் ஒப்பிட்டு அறிந்துகொள்ள வழி திறந்தே இருக்கிறது.

ஏறத்தாழ 1030இல் ‘கிதாபுல் ஹிந்த்’ இயற்றிய அல்பிரூனியும் இதே அளவுகோலைக் கையாண்டவர். இந்தியரின் நட்சத்திரங்களை ஆராய முற்பட்ட அவர், அவற்றைக் கண்ணால் அறிந்து விரலால் சுட்டிக்காட்ட வல்லார் ஒருவரையும் தாம் சந்திக்கவில்லை என்று குறைப்படுகிறார். அவர் சந்தித்தோர் சிலரே என்பதால், இந்திய வானவியல் முழுமைக்கும் அது தீர்ப்பாகாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி செல்லுபடியானது. இன்று அது நம்மை நோக்கியும் திரும்புகிறது. ‘ஷிஃரா’வைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இறைமறையை ஓதும் நம்முள் எத்தனை பேரால் அவ்விண்மீனை வானத்தில் காட்ட முடியும்?

ஸுவருல் கவாகிபின் அரபு மூலம் 1954இலேயே ஹைதராபாத்தில் அச்சாகிவிட்டது. மூலம் எட்டாதது என்ற சாக்கு நமக்கு இல்லை. 28 சந்திர மனைகளின் அரபுப் பெயர்களையும் நம் நட்சத்திரப் பெயர்களையும் அருகருகே வைத்து, எவை ஒரே விண்மீன், எவை வேறு என்று இரவு வானில் சரிபார்த்து, பள்ளி மாணவர் கையாளத்தக்க சிறுநூல் ஒன்றைத் தமிழில் ஆக்கலாம். ஸுஹைல் நம் அகத்தியர் விண்மீன் என்பதும், அரபியர் கண்பார்வையைச் சோதிக்கப் பயன்படுத்திய ‘ஸுஹா’ இங்கு திருமணத்தில் காட்டப்படும் அருந்ததி என்பதும் அதில் இடம்பெறட்டும். பெயர்ப் பட்டியலை மேடையில் ஒப்பிப்பதைவிட அப்பணி அஸ்ஸூஃபியின் வழிக்கு நெருக்கமானது.